அரை டன்

பூமி உருண்டையில் நூல் பிடித்து அளந்தால்
சாங்கியிலிருந்து நியூயார்க்
பதினைந்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
நூல் போன வழியில் நாங்கள் போவதில்லை.
காற்று எங்கே முதுகைத் தள்ளுமோ
அங்கே சுற்றிக்கொண்டு போகிறோம்.
ஜப்பானுக்குக் கிழக்கே இன்று நல்ல காற்று:
ஆயிரம் கிலோமீட்டர் கூடுதல்,
இருபது நிமிடம் குறைவு.
புதிதாய் வேலைக்குச் சேர்கிறவர்கள்
இதை நம்ப ஒரு வாரம் ஆகும்.

இன்னொன்றை நம்ப அதைவிட அதிகம் ஆகும்.
எண்ணெயைச் சுமக்க எண்ணெய் வேண்டும்.
இங்கே ஒரு டன் கூட்டினால்
அங்கே இறங்கும்போது
பாதிக்குச் சற்று மேல்தான் மிச்சம்.
மற்றதெல்லாம்
தன்னைத் தூக்கிக்கொண்டு போனதிலேயே தீர்ந்திருக்கும்.

பதினோரு வருட இரவுப்பணி.
இந்தப் பாதையை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன்.
போனதில்லை.

இன்று நூற்று நாற்பத்தாறு பயணிகள்.
என் திரைக்குப் பெயர் வராது, எடை வரும்.
தடித்தவர், மெலிந்தவர் பேதமில்லை,
கைப்பையோடு சேர்த்து ஆளுக்கு ஒரே கணக்கு.
இளம்பரிதி ஐம்பத்தாறு கிலோ.
தேசிய சேவையில் ஏற்றிய நாலு கிலோவை
ஆறே மாதத்தில் இறக்கிவிட்டான்.
குறைகிற எடைக்கு
அவன் அப்பாவின் பழைய குளிர்கோட்டு,
ஆகஸ்ட் மாதத்தில்,
தோளில் நிற்காமல் வழிகிறது.
தேக்கா சந்தையில் திரித்த மசாலாத் தூள் மூன்று பொட்டலம்.
சோற்றுக் குக்கர் பெட்டிக்குள்.
அது வேறு கணக்கு.
வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

சீமேயில், மின்தூக்கி வரைக்கும்
அவன்தான் என்னை வழியனுப்ப வந்தான்.
"இன்னிக்கு என் ஃபிளைட்லதான் போறே."
"அப்ப லேட் பண்ணிடாதீங்கம்மா."
கட்டிக்கொள்ளலாம் என்று கை தூக்கியபோது
கதவு திறந்துவிட்டது.
உள்ளே பன்னிரண்டாம் மாடி மேடம் கோ
பொத்தானை அழுத்திப் பிடித்தபடி காத்திருந்தார்.
நாங்கள் கைகுலுக்கிக்கொண்டோம்,
ஏதோ ஒப்பந்தம் முடிந்ததுபோல.

நியூயார்க்கில் விடியலில் மூடுபனி வரலாம்
என்கிறது வானிலை அறிக்கை.
வரலாம். முப்பது விழுக்காடு.
வேறோர் இரவென்றால் விட்டிருப்பேன்.
அரை டன் கூட்டினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்
மூடுபனி என்று தட்டினேன்.
ஹஃபீஸ் என் தோளுக்கு மேலாய் எட்டிப் பார்த்தான்.
முப்பதுதானே என்று கேட்கவில்லை.
கொப்பியை வைத்துவிட்டுப் போனான்.
கேப்டன் கேட்டார்.
"மூடுபனி."
"சரி."

அரை டன் என்பது அங்கே போய்ச் சேர்ந்தால்
ஏறக்குறைய மூன்று நிமிடம்.
ஊருக்கு மேலே மூன்று நிமிடம் சுற்றலாம்.
ஒரு மின்தூக்கிக் கதவை
மூன்று நிமிடம் யாரும் பிடித்து வைத்திருப்பதில்லை.

நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்னால்
சக்கரங்கள் தரையை விட்டன.
காலையில் வீடு வந்து படுத்தேன்.
அவன் பசிபிக்கின் மேல்.
மத்தியானம் எழுந்து துணி காயப்போட்டேன்,
மூங்கில் கழிகளை ஒவ்வொன்றாய் வெளியே நீட்டி.
அவன் அலாஸ்காவுக்கு அருகே.
அவன் கட்டிலில் கிடந்த சார்ஜரைப் பார்த்து
நன்றாகத் திட்டினேன்.

இங்கே மாலை ஆறு, அங்கே காலை ஆறு.
பதினெட்டு மணி நேரம் பறந்தவனுக்கு
நாட்காட்டியில் ஓர் இரவுதான் கழிந்திருந்தது.
கைபேசி ஒருமுறை அதிர்ந்தது.

"எறங்கிட்டேன். பனியெல்லாம் இல்ல, பளிச்னு இருக்கு.
குக்கர் மூடிதான் நெளிஞ்சிருச்சு."