உறவுமுறை என்ற கட்டம்

மூன்று முறை திருப்பி அனுப்பினேன் அவளை.
பெற்றோர் கையொப்பம் இல்லை.
பாதுகாவலர் கையொப்பம் இல்லை.
மூன்றாம் முறை, புகைப்படத்தில் பசை காயவில்லை.
அது ஒரு காரணமே இல்லை,
மதியம் ஒன்றரை, எனக்குப் பசி.

பெயர் உ. அமலோற்பவம்.
உ என்றால் அப்பா பெயரா?
உச்சிப்புளி, என்றாள்.
ஸ்டேஷன் பெஞ்சில் கிடந்தாளாம், துண்டில் சுற்றி.
பெயர் சிஸ்டர்கள் வைத்தது,
இனிஷியல் ரயில்வே கொடுத்தது.
"பிள்ளையார் சுழி மாதிரி இருக்குல்ல மேடம்?"
அவளே சிரித்தும் விட்டாள்.
எந்த முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல்
நான் ஸ்டேப்ளரைத் தேடினேன்.

பதினெட்டு முடிந்த மறுவாரம்
ஒரு பெட்டி, இரண்டு செட் உடுப்பு, ஒரு கோப்பு கொடுத்து
இல்லத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.
கோப்பில் எல்லாம் இருந்தது,
சின்னம்மை வந்த தேதிகூட.

தீபாவளிக்கு விடுதியைப் பூட்டுவோம்.
ஐந்து நாள் மெஸ் கிடையாது, மோட்டார் ஓடாது.
பிள்ளைகள் பஸ் ஏறினார்கள்.
அவளும் ஏறினாள், கையசைத்தாள்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
ஊருக்கு என்பது எல்லாரும் சொல்கிற சொல்.

வாட்ச்மேன் சவேரியார் அண்ணன்தான் பார்த்தது,
மண்டபத்தில் மச்சான் வீட்டுக்குப் போனவர்.
வெயிட்டிங் ரூமில் புள்ளியியல் புத்தகம் விரித்து
மூன்றாம் நாளாக இருந்தாள்.
பகலில் பாசி காயப்போடும் பெண்களோடு,
ராத்திரியில் பயணிபோல.
ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து
பெட்டியைக் கையில் எடுப்பாளாம்,
யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று.

அன்றைக்கு என் வீட்டில்
அதிரசம் எண்ணெயில் உதிர்ந்துபோனது.
அதற்கு வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன் நான்.

பொங்கலுக்கு முன்னால் முதல்வரிடம் போனேன்.
அப்படி விதியில்லை என்றார். இல்லைதான்.
கணக்குப் பிரிவு நூருல் ஐன் உள்ளே வந்து,
"மாடித் தொட்டிக்கு வெள்ளையடிக்கணுமே சார்,
பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல?" என்றாள்.
ஆறு விடுமுறைகளாகப் பதிவேட்டில்
அந்தத் தொட்டி
வெள்ளையடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

மாதம் ஆளுக்கு முந்நூறு, நாலு பேர்.
தடைக்காலத்தில் சவேரியார் அண்ணன் மகன்
கடலுக்குப் போவதில்லை,
அப்போது அவர் பங்கு நூற்றைம்பது.
கோடு போட்ட நோட்டில் அவள் எழுதிவைக்கிறாள்,
தேதி, பெயர், தொகை.
கடனில்லடி என்றேன்.
"தெரியும் மேடம். எனக்குன்னு ஒரு கணக்கு
இருக்கட்டுமே."

ஆண்டு விழாவில் மேடையேற்றிச்
சால்வை போர்த்த ஏற்பாடு நடந்தபோது
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
அவள் பெயரைக் கொடுத்தது நான்தான்.

இன்று இறுதியாண்டுப் படிவம்.
பாதுகாவலர் கட்டத்தில் என் பெயர், அவள் கையெழுத்தில்.
பக்கத்தில் உறவுமுறை. காலி.
"இதை விட்டுட்டா திருப்பி அனுப்புவீங்களா?"
அனுப்புவேன் என்றேன்.
எதிர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள்.
அத்தை என்று எழுத என் வாய் வரை வந்தது,
சொல்லவில்லை.
மணி அடித்ததும்
"சாப்ட்டு வந்து எழுதுறேன்,"
என் டிபன் பாக்ஸையும் தூக்கிக்கொண்டு போனாள்.

கடல்காற்று ஜன்னலைத் தள்ளுகிறது.
படிவம் பறக்காமல் இருக்க
விடுதிச் சாவியை
அதன்மேல் வைத்திருக்கிறேன்.