சாவி சூலூர்பேட்டை போயிருக்கிறது

பொன்னேரியில் சர்வர் படுத்துவிட்டது.
இன்று பத்திரம் எதுவும் பதிவாகாதென்று
பதினொரு மணிக்கே சொல்லிவிட்டார்கள்.
பத்தொன்பது வருஷமாகப்
'பழவேற்காடு கிராமம்' என்று எழுதி எழுதிப்
பேனா தேய்த்த நான்
அந்த ஊரை ஒருமுறையும் பார்த்ததில்லை.
பேருந்து நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டேன்.

ஏரி தெரியத் தொடங்கியதும் செல்பேசி அதிர்ந்தது:
ஆந்திரப் பிரதேசத்துக்கு நல்வரவு.
டீக்கடைக்காரர் சிரித்தார்.
"காத்து மாறினா அப்படித்தான் வரும்.
எங்களுக்கு ரெண்டு முதலமைச்சரு,
ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்ல."

ஒல்லாந்தர் கல்லறை பூட்டியிருந்தது.
வாசலின் இரு பக்கமும்
கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்,
ஆளுக்கொன்றாய்.
பத்திரத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும்;
பெரும்பாலும் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள்.
இவர்கள் முந்நூறு வருஷம் முன்னதாகவே வந்து
நிற்கிறார்கள்.

"சாவி சூலூர்பேட்டை போயிருக்கு"
என்றாள் இறால் கூடையோடு வந்தவள்.
சாவி மட்டுமா என்றேன்.
"முனிரத்தினத்தோட சட்டைப் பையில போயிருக்கு.
மச்சினிக்கு வளைகாப்பு."

கம்பி வழியே பார்த்தேன்.
உள்ளே கோபுரம் வைத்த சமாதிகள்,
தரையோடு கிடக்கும் கருங்கற்கள்,
படிக்க முடியாத கொழுகொழு எழுத்துகள்,
ஒரு ஆடு.
பூட்டு அதற்குப் பொருட்டாகத் தெரியவில்லை.
ஒரு கப்பல்தலைவனின் நெற்றியில் ஏறி நின்று
வேப்பங்கொழுந்து எட்டுகிறதா என்று பார்த்தது.
எட்டியது.

என்ன வேலை என்று கேட்டாள்.
சொன்னேன்.
கூடையை அப்படியே இறக்கி வைத்தாள்.
ஈ மொய்ப்பதையும் பார்க்காமல் ஓடிப்போய்
ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பினாள்.
பைக்குள் பை. அதற்குள் இன்னொரு பை.
அதற்குள் நான்காய் மடித்த முத்திரைத்தாள்,
மடிப்புகளில் ஒளி புகும் அளவுக்குக் கிழிந்து.
"கொழுந்தன் பாதி அவனுதுங்கறான்.
படிச்சுச் சொல்லுங்க."

சாட்சிகள் நடுவே உட்கார்ந்து
உரக்கப் படித்தேன்.
எட்டியம்மாள் பெயரில்
முக்கால் சென்ட் கூட இல்லாத நிலம்.
நான்கெல்லை விவரம்:
கிழக்கே பொதுவழி.
வடக்கே மஸ்தான் மரைக்காயர் காலிமனை.
தெற்கே வாய்க்கால்.
மேற்கே,
இங்கே மை பரவியிருந்தது,
வெயிலில் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது,
மேற்கே ஒல்லாந்தர்.

கல்லறை என்றுகூட எழுதவில்லை.
ஒல்லாந்தர். அவ்வளவுதான்.
அடுத்த வீட்டில் குடியிருப்பவர்களைப் போல,
காலையில் தண்ணீர் பிடிக்க வருபவர்களைப் போல.
எழுதியவன் யாரென்று பார்த்தேன்.
கீறலான கையெழுத்து, உரிம எண் அழிந்திருந்தது.
என் தொழிலில் ஒருவன்
ஒரே சொல்லில் இதை முடித்திருக்கிறான்.
எனக்கு இரண்டு வரி பிடித்திருக்கும்.

"கொழுந்தனுக்கு இதுல பங்கு இல்லை" என்றேன்.
மூலப்பத்திரம் பார்க்காமல் அப்படிச் சொல்லக்கூடாது.
சொல்லிவிட்டேன்.
ஒரு கை நிறைய இறாலை
வாழை இலையில் கட்டித் தந்தாள்.
வேண்டாமென்று சொல்ல வாய் திறப்பதற்குள்
மதிலைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கத்தினாள்.
ஆடு கப்பல்தலைவனை விட்டு இறங்கி,
கல்லறைகளுக்குப் பின்னால் எங்கோ மறைந்து,
எந்த வழியாகவோ
எங்கள் பக்கம் வந்து நின்றது.

எனக்கு அந்த வழியைக் காட்டியிருக்கலாம்.
அவளுக்கு அது தோன்றவில்லை.
எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஐந்தே காலுக்குத் திரும்பும் பேருந்து.
நான் ஏறுகிற படியில்
மஞ்சள் பூசிய நெற்றியும்
கையில் வளைகாப்புச் சோற்றுப் பொட்டலமுமாய்
ஒருவர் இறங்கினார்.
சட்டைப் பை கனத்துத் தொங்கியது.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
இறாலின் ஈரம் மடியில் ஊறியது.
செல்பேசி மறுபடி அதிர்ந்தது:
தமிழ்நாட்டுக்கு நல்வரவு.