கொடுக்கல் வாங்கல்

காரைக்குடி நூறடிச் சாலை டீக்கடையில்
ஹான் சூரிம் போனுக்குப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.
ஜனவரியில் இந்தோனேசியா, பேட்டரித் தொழிற்சாலை.
தேர்வில் தேறினால்தான் சம்பளம் ஏறும்.

“சுலபமான மொழியாம். காலம் இல்லை, பால் இல்லை,
மூணு மாதம் போதுமாம்.”
இது ஏழாவது மாதம்.

பெலி என்றால் வாங்கு.
பெரி என்றால் கொடு.
ரகரமும் லகரமும் அவள் நாக்கில்
ஒரே பாயில் படுத்துக்கொள்கின்றன.
தன் பெயரில் மட்டும் ர சரியாக விழும்.
போன் சிவந்தது. மறுபடி. மறுபடி.

“பரவாயில்லை” என்றேன்.
“கப்பலேறி மெடானில் வட்டிக்கடை போட்ட எங்கள் ஆட்கள்
கொடுக்கல்வாங்கல் என்று ஒரே மூச்சில் சொல்லித்தான்
இவ்வளவு தூண் நிறுத்தினார்கள்.”

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை:
அங்கே மேலாளரை ‘பாபாக்’ என்கணும்,
அப்பா என்று அர்த்தம்.
அவனோ அவளைவிட நாலு வயசு சின்னவன்.
“வாயில் வராது, உமையாள். எங்கள் ஊரில்
வயசு தெரியாமல் பேச்சையே ஆரம்பிக்க மாட்டோம்.”

“ஆச்சிக்குச் சீனி கம்மி!”
கடைப்பையன் மாஸ்டருக்குக் குரல் கொடுத்தான்.
ஆச்சிக்கு வயசு இருபத்தொன்பது.

எழுந்தாள். ஐம்பது ரூபாயை நீட்டி,
ஒரு கணம் நாக்கை நிறுத்தி,
“பெலி” என்றாள்.
தப்பு.
கல்லாவில் இருந்தவர் வாங்கிக்கொண்டு
மீதி கொடுத்தார்.