இருபத்தெட்டு நிமிஷம்

விடிய விடிய ஆடிய நாடகம் அது.
பகாவ் கோயில் திடலில்
அரசி அழத் தொடங்கும்போது
பெரட்டு மணி அடிக்கும்.
அழுகையைக் காதில் வாங்கிக்கொண்டே
வாளி தூக்கிப் போவார்கள் சிலர்.

கோலாலம்பூரிலிருந்து கடிதம்:
நேரடி ஒளிபரப்பு, இருபத்தெட்டு நிமிஷம்.
தோட்டத்துச் சின்னக் கிராணி நான்.
செக்ரோலில் பேர் அடிக்கும் சிவப்புப் பென்சிலால்
வெட்டினேன்.
கட்டியங்காரன் போனான்.
யானைப்படை ஒரு வாக்கியமாகச் சுருங்கியது.
பாம்பு போய் விஷம் மட்டும் மிஞ்சியது.
அரசியின் புலம்பல் நாற்பத்திரண்டு வரி;
நாலை விட்டுவைத்தேன்.

பதினாறு வருஷம் அரசியாக நின்றவர் அங்கப்பன்,
ஆறாம் நம்பர் வெட்டுக்காரர்.
"காமிரா கிட்ட வரும்ணே,
தாடை பச்சையாத் தெரியும்."
தடவிப் பார்த்துக்கொண்டார்.
"எந்த நாலு?" என்று மட்டும் கேட்டார்.
சொன்னேன்.
"ம்."

பள்ளிக்கூட டீச்சர் தவமணி அரசியானாள்.
ஸ்டோரில், ஷீட்டுப்பால் புகை நாற்றத்தில்,
தரையில் சாக்பீஸ் வட்டம்.
வட்டம் தாண்டினால் தலை இருக்காது,
படத்தில்.
கடைசி வரிசைக்கு எட்டக் கத்திப் பழகியவர்களிடம்
கடைசி வரிசையே கிடையாது என்று
தினமும் சொல்ல வேண்டியிருந்தது.

சனி இரவு. விளக்குச் சூட்டில்
அரசனின் மீசைப் பசை உருகுகிறது.
பத்தொன்பதாம் நிமிஷம்; மகன் மடியில்.
தவமணி வாய் திறந்தாள்.
ஒன்றும் வரவில்லை.
காமிரா அவள் முகத்தை நோக்கி உருண்டது.
என் கையில் காகிதம்.
வாய்விட்டுப் படித்தால் நாடே கேட்கும்.

அந்நேரம் பகாவில்
ஆ சோங் கோப்பிக்கடைப் பெட்டிமுன்
எண்பது பேர் மூச்சடக்கி நிற்க,
பின்பெஞ்சிலிருந்து அங்கப்பன்
ஒட்டுப்பால் நாறும் விரலைத் திரைக்கு நீட்டி
எடுத்துக்கொடுத்தாராம்:
"தொட்டிலுக்குத் திரிச்ச கயிறு, ராசா,
பாடைக்கும் எட்டுதே."
மறுநொடி பெட்டிக்குள் அவளும்
அதையே சொன்னாளாம்.
காதில் விழுந்துதான் சொன்னாள் என்று
இன்றும் கற்பூரம் அடிப்பார்கள்.

என் நாலில் இல்லை அது.
நான் வெட்டிய வரி.
சின்ன வயசில், திடல் மணலில், அரைத்தூக்கத்தில்
கேட்டுவைத்திருக்க வேண்டும்.

அதோடு நின்றாளா?
அடுத்தது, அதற்கடுத்தது,
பதினேழு வரி வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை.
அரசன் சாக இரண்டு நிமிஷம் தேவை.
வாளை உருவிய கையோடு அவன் நிற்க,
செய்தி வாசிப்பவர் வந்து
வணக்கம் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை பால் நிறுவையில்
எல்லாருக்கும் ஒரே கேள்வி:
"ராசா செத்தானா, இல்லையா?"
நேரமில்லை என்றேன்.
அங்கப்பன் வாளியை மாட்டினார்.
எழுதினேன், முப்பத்தொரு ராத்தல்.
குனிந்து தராசு முள்ளைப் பார்த்தார்.
"அரை ராத்தல் விட்டுட்டே, கிராணி.
இதையுமா வெட்டுறே?"