அதே ஆட்கள்

மைக்ரோடோம் கத்தி என் கட்டைவிரலைக் கிழித்தது செவ்வாய்க்கிழமை.
மெழுகுக் கட்டியில் முக்கூடல்காரி ஒருத்தியின் நாக்கிலிருந்து
கிள்ளியெடுத்த துணுக்கு.
இடது ஓரம். வயது ஐம்பத்திரண்டு. தொழில், பீடி.
அவள் சதையில் நாலு மைக்ரான் சீவுமுன்
என்னுடையதில் கொஞ்சம் சீவிக்கொண்டேன்.
"ஏ செய்யதம்மா, கையை மேல தூக்கு" என்றார் ஜெபகனி டாக்டர்.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில்
பதில் தெரிந்த பிள்ளை மாதிரி
கை தூக்கி நின்றேன்.

ராத்திரி மேலப்பாளையத்தில் விரல் விண்விண்ணென்று தெறித்தது.
உள்ளே யார் வந்திருப்பார்கள் என்று தெரியும்.
இருபத்தோரு வருஷமாக அவர்களுக்குச் சாயம் பூசுகிறவள்.
முதலில் அவசரக்காரர்கள்,
கண்டதையும் கடித்துவிட்டுச் செத்துச் சீழாகிறவர்கள்.
பிறகு பெருந்தின்னிகள்.
செத்தவனைத் தின்பார்கள், கிருமியைத் தின்பார்கள்,
தின்ற வாய் காயுமுன்
ரத்தக்குழாய்க்கு ஆள் அனுப்புவார்கள்,
நார் பின்னச் சொல்வார்கள்.

இந்த விரலே அவர்கள் பிரித்துக் கொடுத்ததுதான்.
உம்மா வயிற்றில் என் கை துடுப்பாக இருந்தபோது
விரலுக்கும் விரலுக்கும் நடுவே
செத்துவிழுந்த சதையைச்
சத்தமில்லாமல் அள்ளித் தின்றவர்கள்.
எலும்புக்குள் மஜ்ஜை ஊறுமுன்பே குடிவந்தவர்கள்.
பதின்மூன்று வயதில் மார்பு கனத்தபோது
பால்குழாய் எந்தப் பக்கம் கிளைப்பது என்று
முனையில் நின்று வழிவிட்டவர்கள்.

சனிக்கிழமை, தன் ஆராய்ச்சிக்காக டாக்டர் கேட்டிருந்த
அந்த இன்னொரு சாயம்.
அவர்களை மட்டும் பழுப்பாகக் காட்டும்.
நாற்பதாம் லென்சில் முழுக்கப் பழுப்பு.
புற்றின் ஓரத்தில், புற்றின் உள்ளே
அதே ஆட்கள்.
சண்டைக்கு வந்த மாதிரித் தெரியவில்லை.
குழாய் இழுத்திருந்தார்கள், வழி வெட்டியிருந்தார்கள்.
கொல்லத் தெரிந்த சின்ன நீல உருண்டைகள்
வேலிக்கு வெளியே
பந்திக்குக் கூப்பிடாத உறவு போல.

எனக்கு மானாங்குளம்தான் ஞாபகம் வந்தது.
கரை உடைந்த ராத்திரி
இடுப்பளவு தண்ணீரில், டிராக்டர் வெளிச்சத்தில்
சாக்கு சாக்காக மண் சுமந்தார்களே,
என் மச்சான் காஜாவும் அதில் உண்டு.
அடைத்தார்கள். தெரு பிழைத்தது.
டிராக்டர் திரும்பிப் போகவில்லை.
உடைப்புக்கு மண் எடுத்த அதே பள்ளத்தில்
இன்னும் எடுக்கிறார்கள், ராத்திரி ராத்திரியாக.
கேட்டால், "கரை இன்னும் நிக்கலியே" என்கிறான்.
உடைந்திருக்கிறது உடைந்திருக்கிறது என்று
யாரோ அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.
புற்றும் அதைத்தான் சொல்கிறது:
நான் புண், நான் புண், வா.
வருகிறார்கள்.
துரோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
காஜாவுக்கு நாள்கூலி எண்ணூறு.

ரிப்போர்ட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.
எந்த ரகம், எந்த கிரேடு, எவ்வளவு ஆழம்,
கையெழுத்து.

திங்கள்கிழமை கவுண்டரில் அவள் மகள்,
நகத்திடுக்கில் புகையிலைத் தூள்.
"எக்கா, அம்மைக்கு அந்தப் புண்ணு ஆறிருமா?"
"டாக்டர் சொல்லுவாவ" என்றேன்.
தாளை வாங்கும்போது
என் பிளாஸ்திரியைப் பார்த்து அவள்
"ஐயோ, வலிக்கா?" என்றாள்.

பஸ்ஸில் விரல் அரித்தது.
அரித்தால் ஆறுகிறது என்று அர்த்தம்.
பிரித்துப் பார்த்தேன்.
விளிம்பு இரண்டும் சேர்ந்து, புதுத்தோல், ரோஜா நிறம்.
போதும், வீட்டுக்குப் போங்கள் என்று
இங்கே யார் சொன்னது அவர்களுக்கு?
எந்த நேரத்தில் சொன்னார்கள்,
நான் தூங்கும்போதா?

திரும்ப ஒட்டிக்கொண்டேன்.
பாளையங்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள்.