நீலக் கூடையிலிருந்து

பச்சைக் கூடை, உயிருள்ளவைக்கு.
நீலக் கூடை, உயிரற்றவைக்கு.
சூர் நகரத்து வெயில் எட்டரை மணிக்கே
சன்னல் திரையைத் தாண்டிப்
பாயில் வந்து உட்கார்ந்துவிட்டது
இருபத்தேழு பிள்ளைகளோடு.

மூச்சு விடுமா, சாப்பிடுமா, வளருமா?
மூன்று கேள்விகள் போதும் என்கிறது
ஆசிரியர் கையேடு.

"ஏசி மூச்சு விடும் மிஸ்.
ராத்திரி இருமும்.
அப்பா தலையில ஒரு தட்டு தட்டினா நிக்கும்."
இது ஜெரால்டு.
"கார் சாப்பிடும். நேத்து பத்து ரியாலுக்குச் சாப்பிட்டுச்சு."
"மணல்மேடு வளரும். ரோடு வரைக்கும் வந்துச்சு,
ஜேசிபி வந்து முடி வெட்டிவிட்டுச்சு."

நான் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் ஊரே
பச்சைக் கூடைக்குள் ஏறியிருக்கும்.

பேரீச்சங்கொட்டையை நீலத்தில் போட்டாள் சஃப்ரீனா.
எடுத்துப் பச்சையில் போட்டான் தேவநாதன்.
மறுபடி அவள்.
மறுபடி அவன்.
கொட்டை தன் தரப்பில்
எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகும் யாழ்மொழி
கையைத் தூக்கினாள்.
"அ, ஆ எல்லாம் உயிரெழுத்துதானே மிஸ்,
அது எந்தக் கூடை?"
கையேட்டைப் புரட்டினேன்.
அடுத்த பக்கத்தில்
வண்ணம் தீட்ட ஒரு வாத்து இருந்தது.

நல்லவேளை, சங்குகள் இருந்தன.
நேற்று மாலை அய்ஜா கரையில்
நானே பொறுக்கி
நானே நீலக் கூடையில் வைத்த பத்துச் சங்குகள்.
விடை தெரிந்த பொருள் ஒன்றாவது வேண்டுமே
உதாரணத்துக்கு.

அதட்டினாலும் வராத அமைதி
அப்போது தானாக வந்தது.
கூடைக்குள் பிராண்டும் சத்தம்.
ஒரு சங்கு விளிம்பேறி
விழுந்து
புரண்டு
கால்களை எடுத்து வெளியே வைத்துப்
பாயின் மேல் நடந்தது.

"உள்ள யாரோ இருக்காங்க" என்றாள் சஃப்ரீனா.
யாரோ இல்லை, ஏதோ என்று
திருத்த வாயெடுத்தேன்.
விட்டுவிட்டேன்.

"சங்கு அவங்க வீடா?"
இல்லை, காலியாய்க் கிடந்தது,
நண்டு குடிவந்திருக்கிறது.
வளர்ந்தால் வேறு பார்க்க வேண்டும்.
"நாங்களும் மாறினோம்," என்றான் ஜெரால்டு,
"தங்கச்சி பொறந்ததும். இப்ப லிஃப்ட் இல்ல."

இரண்டு கூடைக்கும் நடுவில்
நண்டு நின்றது. காலை இழுத்துக்கொண்டது.
மறுபடி வெறும் சங்கு.
தேவநாதன் கன்னத்தைப் பாயில் ஒட்டி
வாசல் வழியே எட்டிப் பார்த்தான்.
"மூச்சு விடுதான்னு தெரியல மிஸ்,
ஆனா என்னைப் பாக்குது."

பெயர் எழுதிய யாருடைய டிபன் டப்பாவிலோ
ஈரத் துணி விரித்து அதை வைத்தோம்,
பள்ளி விட்டதும் கடலுக்கு.

மீதி ஒன்பதையும் சந்தேகப்பட்டு
ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டார்கள்.
"இதுல யாரும் இல்ல. கடல்தான் இருக்கு."
"இதுலயும் கடல்."
"இதுலயும்."

கடல் எந்தக் கூடை என்று
யாரும் கேட்பதற்குள் மணி அடித்தது.
யாழ்மொழி மட்டும்
தூக்கிய கையை இறக்காமலே
வரிசையில் போனாள்.