அரை மில்லிமீட்டர்

வாரத்தில் ஆறு நாள்
சேலம் அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிறேன்.
ஏழரைக்கே வரிசை நிற்கும்.
ரப்பர் பட்டையை இறுக்கி
முழங்கை மடிப்பில் இரண்டு தட்டு,
ஒளிந்த நரம்பும் எழுந்து வரும்.
"உனக்கு இருக்கிறது கையில்லைடி, ரசமட்டம்"
என்பாள் தில்ஷாத், குழாய்களைச் சுற்றவிட்டபடி.

அந்தக் கைதான்
ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் நடுங்குகிறது.

முதல் பஸ். இருபது கொண்டை ஊசி வளைவு.
நாகலூர் பாதையில் இறங்கி நடந்தால்
காபித் தோட்டத்து வேலியோரம்
சில்வர் ஓக் நிழல் முடிகிற இடத்தில்
குழாய் கசிந்து ஊறிய ஒரு முழம் மண்.
ஈரம் உறிஞ்ச வந்திருக்கின்றன
எலுமிச்சை அழகி இரண்டு,
பேர் தெரியாத நீலன் ஒன்று.
நீலன் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

வெயில் ஏறிச் சிறகு சூடாகும்வரைதான் அவகாசம்.
என் நிழல் அதன்மேல் விழக்கூடாது.
குத்தவைத்தபடியே
சூரியனிடம் கேட்டுக் கேட்டு நகர்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கல்யாண போட்டோகிராபர்
கைமாற்றிய கேமரா.
அதன் அடித் திருகில் காஸ் துணி கட்டி
மறுமுனையைச் செருப்பின் கீழ் மிதித்திருக்கிறேன்.
மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால்
கை கொஞ்சம் அடங்குகிறது.
முக்காலி வாங்கக் காசில்லை.
இருந்தாலும், அதன் காலை விரிப்பதற்குள்
பூச்சி குப்பனூர் போய்ச் சேர்ந்திருக்கும்.

தெளிவு விழுகிற ஆழம் அரை மில்லிமீட்டர்.
அதற்குள் கண் வந்து நிற்க வேண்டும்.
நான் மூச்சு விட்டால் கண் போய் மீசை வரும்.
நாடி துடித்தால் மீசை போய்க் கூழாங்கல் வரும்.
வளையத்தைத் திருகுவதை விட்டுவிட்டேன்.
பாதி மூச்சில் நிறுத்தி
உடம்பையே எறும்பளவு முன்னால் சாய்த்து
கண் பளிச்சென்று கடக்கும்போது
நாலைந்து அழுத்தல்.
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு குப்பை.

"நீங்க ரத்தம் எடுக்கறவங்கதானே?"

இடுப்பில் கூடையோடு ஒருத்தி. என் வயதுதான் இருக்கும்.
"இன்னாசியம்மா. போன மாசம்
மூணு குழாய் எடுத்தீங்க. வலிக்கவே இல்ல."
பிறகு என் முட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.
"இங்க என்ன இப்படி ஆடுது?
முழங்கைய முட்டிமேல ஊனுங்க."

ஊன்றினேன்.
அதற்குள் நீலன் கிளம்பிவிட்டது.
கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி,
லென்ஸைத் தாங்கிய என் இடது கையிலேயே உட்கார்ந்தது.

வேர்வை உப்புக்கு வந்திருக்கிறது.
சுருட்டிய குழலை அவிழ்த்து
கட்டைவிரல் முட்டில் தேடுகிறது.
தட்டிப் பார்க்கவில்லை.
ஸ்பிரிட் பஞ்சு கிடையாது.
'அசையாதீங்க, அந்தப் பக்கம் பாருங்க' என்று
எனக்குச் சொல்ல ஆளில்லை.
இடது கையை
அடுப்புப் பால் தூக்குகிற மாதிரி விலக்கினேன்.
முக்கால் கிலோ கேமரா ஒற்றைக் கையில் சரிய
இன்னாசியம்மா கூடையை இறக்காமலே
உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்தாள்.
காபிப் பழத்துப் பிசுக்கு.
இரண்டு பேர் மூச்சும் நின்றது.

இறங்குகிற பஸ்ஸில் பெருக்கிப் பார்த்தேன்,
சிறகு நரம்பை எண்ணிவிடலாம் என்று.
நீலம் வெறும் புகை. கண்ணே இல்லை.
அரை மில்லிமீட்டர் பின்னால்
அத்தனை துல்லியமாக என் தோல்:
மயிர்க்கால்கள், எப்போதோ ஊசி தவறிக் குத்திய தழும்பு,
முட்டின் மேட்டில் ஒரு பொட்டு ஈரம்.

பதினோராவது வளைவுக்குள்
மற்ற இருநூற்றுச் சொச்சத்தையும் அழித்துவிட்டேன்.
எடுத்தது எங்கே போகிறது என்று
எந்த நோயாளியும் என்னைக் கேட்டதில்லை.
பெயர் ஒட்டாத என் மாதிரி ஒன்று
நாகலூர்ப் பக்கம் பறந்துகொண்டிருக்கிறது.